அறுபது ஆன்மாக்களை அனுப்பியவன்

பியோ கில்சூவுக்குப் படம் பிடிக்கவில்லை என்றால் தியேட்டர் படிக்கட்டில் இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவான். நான்தான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "வாயை மூடிட்டு வாடா, உக்காந்து பேசிக்கலாம்" என்பேன். ஜொன்ஜூவில் எங்கள் தெருவில் அவனுக்குச் சலவைக்கடை. பக்கத்துக் கடை என்னுடையது. கிம்ச்சி, வதக்கின நெத்திலி, சோயாவில் வெந்த முட்டை என்று தினமும் செய்து டப்பாவில் போட்டு விற்கிறவள் நான். அவனைவிட மூத்தவள் என்பதால் டேய் போட்டுத்தான் பேசுவேன். அவன் மல்சூன் அக்கா என்பான். கோபம் வந்தால் வெறும் மல்சூன்.

மாதத்தின் கடைசிப் புதன்கிழமை டிக்கெட் மலிவு. அன்றைக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து படத்துக்குப் போவோம். நான், பியோ, வீட்டுத் தரகு பார்க்கும் மேங், கணக்கு டியூஷன் எடுக்கும் ஹ்வாங்போ டீச்சர். படம் முடிந்ததும் நேரே முளைப்பயறு சூப் கடை. அங்கே ஒரு சட்டம் உண்டு. சூப் மேஜைக்கு வருவதற்குள் ஒவ்வொருவரும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்லி, ஒரே வரியில் காரணமும் சொல்லிவிட வேண்டும். பத்திரிகையில் விமர்சகர்கள் போடுகிறார்களே, அதே வழக்கம்தான். எங்களுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை, அதனால் பயமும் இல்லை.

பாழடைந்த ஆஸ்பத்திரியில் பேய் அலையும் படம் ஒன்று போன வருஷம் சக்கைப்போடு போட்டது. பியோ அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தான். "இது கதவைத் தட்டி, மணி அடிச்சு, சத்தம் குடுத்துட்டு வர்ற பேய். பார்சல் கொண்டு வர்றவன்கிட்ட யாராவது பயப்படுவாங்களா?" என்றான். தீவில் நடக்கும் மர்மப் படத்தில் கொலைகாரன் யார் என்று நாங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது இவன் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். சூப் கடையில் கேட்டால், "முதல் சீன்ல காப்பி கலந்து குடுத்தானே, அவன்தான். அவ்ளோ பெரிய நடிகனைக் காப்பி கலக்கவா கூட்டிட்டு வருவாங்க?" என்றான். குடும்பப் படம் ஒன்றுக்கு டீச்சர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு வந்தாள். "எனக்கு முன்னாடியே டைரக்டர் அழுது தீத்துட்டாரு. நான் அழறதுக்கு என்ன மிச்சம் வெச்சாரு?" என்று அதையும் இரண்டு நட்சத்திரத்தில் சாய்த்தான்.

ஹ்வாங்போ டீச்சர் எந்தப் படமானாலும் நாலு போடுகிறவள். "பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்கல்ல?" என்பாள்.

"கஷ்டத்துக்குத் தனியா மார்க் போட இது என்ன பரீட்சைப் பேப்பரா டீச்சர்?" என்பான் பியோ. "பிடிச்சா பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. படத்தைப் பத்திப் பொய் சொல்றவன் பொண்டாட்டி புள்ளையைப் பத்தியும் சொல்லுவான்."

மேங் பாதிப் படம் தூங்குகிற ஆள். "எனக்கு மூணு. ஏசி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு சோறு கேட்பான்.

இந்த நாக்கை பியோ யாரிடமிருந்து கற்றானோ தெரியாது, ஆனால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அவனுடைய ஒரே மகள் நாரே. சியோலில் இருக்கிறாள். அப்பாவும் மகளும் ஒரே வாரத்தில் ஒரே படத்தை, அவன் இங்கே, அவள் அங்கே, தனித்தனியாகப் பார்ப்பார்கள். அப்புறம் போனில் அடித்துக்கொள்வார்கள். மெஷின் சத்தத்தில் பழகின காது என்பதால் போனை ஸ்பீக்கரில்தான் போடுவான், அதனால் என் கடை வரைக்கும் கேட்கும்.

"அப்பா, உனக்கு ரசனையே இல்ல. அந்த ஹீரோயின் திரும்பிப் பாக்கற ஒரு ஷாட்டுக்கே நாலு நட்சத்திரம் குடுக்கலாம்."

"திரும்பிப் பாத்தா? கழுத்து சுளுக்கிக்கிச்சோன்னு நெனச்சேன்."

"உன்கூடப் பேசறதுக்கு அயர்ன் பாக்ஸோட பேசலாம்."

இப்படித்தான் போகும். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, கல்யாணம் எப்போது, ஒன்றும் கிடையாது. அவர்களுக்குள் இருந்த பேச்சே இதுதான். யோங்ரான் போனபிறகு அந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே பாஷை சினிமா. வேறு எதையாவது பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் தொடமாட்டார்கள்.

யோங்ரான் பியோவின் மனைவி. நாரே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம், வசந்தத்தில், வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ரொம்ப முற்றிவிட்டது, நாள் எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நவம்பரில் தேர்வு முடியும்வரை பிள்ளைக்குத் தெரியக்கூடாது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தேர்வு வருஷம் என்றால் எந்த வீட்டிலும் அப்படித்தான், பாட்டன் செத்தால்கூட அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள். தெருவே வாயைக் கட்டிக்கொண்டது. யோங்ரான் மெலிந்ததற்கு 'டயட்' என்றோம். முடி கொட்டியதற்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தோம். அக்டோபரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மோக்போவில் பெரியம்மாவுக்கு ஆபரேஷன், அம்மா துணைக்குப் போயிருக்கிறாள் என்று பியோ சொன்னான். நாரே தலையாட்டினாள். நான் மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன்.

தேர்வு முடிந்து பள்ளிக்கூட வாசலில் நின்ற மகளை அவன் சலவை வண்டியில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். யோங்ரானுக்கு அப்போது ஆளை அடையாளம் தெரியாமல் போய்விட்டது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. நாரே சாவு வீட்டில் ஒருவரையும் குறை சொல்லவில்லை. நல்ல மதிப்பெண் வந்தது, சியோலுக்குப் போனாள், சினிமா படித்தாள். பதினோரு வருஷம் ஆகிறது.

இந்த வருஷம் அவளுடைய முதல் படம் வந்தது. சின்னப் படம். ஊருக்கு ஒரு தியேட்டர் கிடைத்தால் பெரிது. பேய்ப்படம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். முன்னோட்டம் வந்த அன்றைக்கு பியோ கடையை விட்டு ஓடிவந்து என் கல்லாவுக்கு முன்னால் போனை நீட்டினான்.

"பாருங்க அக்கா, நம்ம நாரே படம்!"

இருட்டான ஒரு நடை. அந்தக் கோடியில் ஒரு பெண் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விசும்புகிற சத்தம். அவள் தலையைத் தூக்குகிறாள். கதவை மறைத்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி ஒரு ஆள் நிற்கிறான். முகத்தைக் காட்டவில்லை. குரல் மட்டும் வருகிறது: "டிவி சத்தம்தான். நீ படி."

எனக்கே முதுகுத்தண்டு ஜில்லென்றது. நல்ல பேய்தான் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பியோவின் முகம் வெளுத்த துணி மாதிரி இருந்தது.

"நான் சொன்னதுதான் அக்கா," என்றான். "யோங்ரான் வலி தாங்காம அழுவா. இது என்ன சத்தம்னு புள்ள கேப்பா. நான் இதைத்தான் சொல்லுவேன். ஒரு எழுத்து மாறலை."

அதற்குப் பிறகு அவன் அந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சியோலில் நடந்த முதல் காட்சிக்கு நாரே அழைத்தாள். கடையில் குளிர்காலக் கோட்டெல்லாம் வந்து குவிந்திருக்கிறது என்றான். அது மே மாசம், கோட்டெல்லாம் முக்கால்வாசி வெளுத்து மாட்டியாகிவிட்டது. படம் வெளிவந்த பிறகு அவள் தினமும் போன் செய்தாள். "பாத்தியா அப்பா?" "பாக்கறேம்மா." மறுநாள். "பாத்தியா?" "இந்த வாரம் பாத்துடறேன்." எந்தக் குப்பைப் படம் வந்தாலும் முதல் நாளே போய் நிற்கிறவன். அவளுக்குப் புரியாமலா இருக்கும்?

ஒரு வாரப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. இரண்டரை நட்சத்திரம். 'பேய்ப்படம் பயமுறுத்தவில்லை, மர்மம் முடிச்சவிழவில்லை, குடும்பக் கதை அழவைக்கவில்லை' என்று ஒரு வரி. பியோ அந்தப் பத்திரிகையைச் சுருட்டி என் மேஜையில் அடித்தான்.

"இந்த ஆளு படம் பாத்தானா, மேங் மாதிரி தூங்கினானா? புதுசா ஒரு பொண்ணு எடுத்திருக்கா, எவ்ளோ பாடுபட்டிருப்பா!"

"கஷ்டத்துக்குத் தனி மார்க்கா?" என்றேன். "அது சரி, நீ பாத்தியா?"

பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று சாயங்காலம் வரை இஸ்திரிப் பெட்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எனக்கு அவன்மேல் கோபம்தான். இரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்காருவதற்கு என்ன வந்தது? இருட்டு, யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அவனுக்கு அது தியேட்டர் இல்லை, கோர்ட்டு. மகள் பதினோரு வருஷம் காத்திருந்து வழக்குப் போட்டுவிட்டாள், கூண்டில் ஏறி நின்று கேட்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துவிட்டான். பேய்க்குச் சிரிக்கிறவன், இந்தப் பேய்க்குப் பயந்துபோனான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாரே ஊருக்கு வருவதாக இருந்தது. டைரக்டரும் நடிகர்களும் தியேட்டருக்கு வந்து மேடையேறிக் கும்பிட்டு நாலு வார்த்தை பேசுவார்களே, அந்த வணக்கக் காட்சி. சொந்த ஊர். அறுபது இருக்கை உள்ள சின்ன அரங்கு. வாரத் தொடக்கத்தில் பியோ போனில் இருக்கைப் படத்தைத் திறந்து பார்த்தான். ஆறேழு பேர்தான் பதிவு செய்திருந்தார்கள். மகள் வந்து மேடையில் நிற்கும்போது எதிரே வெறும் நாற்காலியா?

எங்கள் நாட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. பிடித்த படத்துக்குப் போக முடியாவிட்டாலும் டிக்கெட்டை மட்டும் வாங்கிவிடுவார்கள். உடம்பு வீட்டில் இருக்கும், ஆன்மா போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ஆன்மா அனுப்புவது என்றே அதற்குப் பெயர். படத்துக்குக் கூட்டம் இருக்கிறது என்று கணக்கில் ஏறும், தூக்க மாட்டார்கள். பியோ அதைத்தான் செய்தான். எனக்கு அப்போது தெரியாது. முதலில் அங்கொன்று இங்கொன்று வாங்கினான். பார்க்க நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கினான். கோட்டுக்கு நீராவி அடிக்கும்போது ஒன்று, பொத்தான் தைக்கும்போது ஒன்று. வியாழக்கிழமை நானும் ஹ்வாங்போ டீச்சரும் டிக்கெட் போடப் போனால், எல்லாம் விற்றுவிட்டது என்று வருகிறது.

"டேய், டிக்கெட்டே இல்லையாம்டா!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா!" என்று அவனும் கத்தினான். முகமெல்லாம் பல். "நம்ம ஊரு நம்ம ஊருதான் அக்கா!"

நாரே போனில் அழுதாள். சந்தோஷ அழுகை. "அப்பா, ஹவுஸ்ஃபுல்! சியோல்லகூட ஆகலை, ஜொன்ஜூல ஆயிருச்சு! படத்தை எடுத்துடலாம்னு சொல்லிட்டிருந்தாங்க, இப்போ இன்னும் ஒரு வாரம் வெக்கறாங்களாம்."

"நான்தான் சொன்னேன்ல," என்றான் அவன்.

சனிக்கிழமை நான் டிக்கெட் இல்லாமலே போனேன். பிள்ளைக்குப் பிடிக்குமே என்று பெரில்லா இலை ஊறுகாயும் முட்டையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு, வாசலிலாவது பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று நின்றேன். கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். "ஸாரி, எல்லாம் போயிருச்சு" என்றாள் டிக்கெட் கொடுக்கிற பெண். திரும்பிப் போனார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள், நாரேயோடு பள்ளியில் படித்தவளாம். அவளும் திரும்பிப் போனாள். மேங்கும் டீச்சரும் வந்து பார்த்துவிட்டு, சரி வந்ததுக்கு என்று பக்கத்து அரங்கில் ஓடிய வேறொரு பேய்ப்படத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

நேரம் ஆனது. கதவைத் திறந்தார்கள். உள்ளே போனவர்கள் ஏழு பேரோ எட்டுப் பேரோ. ரயிலில் வந்து இறங்கின நாரே, கதாநாயகியாக நடித்த பெண்ணோடு சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பின்னாலேயே நானும் நுழைந்தேன், யாரும் தடுக்கவில்லை. யாரைத் தடுப்பது?

கதாநாயகி பாவம், நல்ல பிள்ளை. ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் காலி நாற்காலிகளைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினாள். மைக்கைப் பிடித்த நாரே, "வந்ததுக்கு நன்றி" என்றாள். வரிசை வரிசையாக அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"அத்தே, அப்பாதானே?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. டப்பாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

தெருவில் விடுவிடென்று நடந்தாள். நான் மூச்சு வாங்க பின்னால் ஓடினேன். சலவைக்கடையில் பாலித்தீன் உறை போட்ட கோட்டுகளுக்கு நடுவே பியோ, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தான்.

"படம் ஓடிட்டிருக்குமே, அதுக்குள்ள வந்துட்டே?" என்றான்.

"யாருக்கு ஓடணும்?" என்றாள் நாரே. "வாசல்ல வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்களாம். உள்ள வெறும் நாற்காலி. ஏன்ப்பா?"

"இல்லம்மா, காலையில விட்டுடலாம்னுதான் இருந்தேன். கேன்சல் பண்ணா யாராவது எடுத்துப்பாங்கன்னு... பத்து சீட்டு விட்டுப் பாத்தேன். அரை மணி நேரம் யாரும் எடுக்கலை. போன்ல அந்தச் சீட்டெல்லாம் வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சுது. பாக்க முடியலம்மா. திரும்ப நானே..."

"ஹவுஸ்ஃபுல்னு ரெண்டு நாளாத் தெரியுது, அப்புறம் எவன் தேடிப் பாப்பான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்பது ஆன்மா, அறுபது ஆன்மா அனுப்பினியே," என்றாள். "அதுக்குப் பதிலா நீ ஒரு ஆள் வந்து உக்காந்திருக்கலாம்ல?"

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா."

"என்ன பயம்?"

"நீ என்னைத் திட்டி எடுத்திருப்பேன்னு."

நாரே சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தொங்கின யாருடைய கோட்டையோ பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திட்டறதுக்கு எதுக்குப்பா ரெண்டு மணி நேரம்? எனக்கு உன் டிக்கெட் வேண்டாம். நீ பாத்துட்டு என்ன சொல்றேன்னு வேணும். ஊர்ல இருக்கற விமர்சகன் எல்லாம் சொல்லிட்டான். அந்தக் கடைசிக் காட்சி சரியா தப்பான்னு உன்னைத் தவிர யாரும் எனக்குச் சொல்ல முடியாது. அதுக்காகத்தான் படமே எடுத்தேன்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். போகும்போது டப்பாவை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் அவனைச் சும்மா விடவில்லை. ஞாயிறு முழுக்க, திங்கள் முழுக்கத் திட்டினேன். "அயர்ன் பாக்ஸோட குடித்தனம் நடத்துடா நீ" என்றேன். செவ்வாய்க்கிழமை அவனே வந்து, "நாளைக்கு மத்தியான ஷோ. தனியாப் போக முடியாது அக்கா" என்றான். கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

விமர்சகன் சொன்னது பாதி உண்மைதான். முதல் முக்கால் மணி நேரம் பயமாக இல்லை. ஒரு வீடு, படிக்கிற பெண், சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்கிறான், ஆனால் அந்த அறையில் யாரோ இருக்கிறார்கள். அந்தப் பெண் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டே இருக்கிறாள். ஆங்கில வார்த்தை, வரலாறு, கவிதை, எல்லாம் உரக்க. அப்பா வந்து, "மெதுவாப் படி" என்கிறான். அவள் இன்னும் உரக்கப் படிக்கிறாள். பேயை விரட்டத்தான் சத்தம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் காட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு முதலிலிருந்தே தெரியும். அந்த அறையில் பேய் இல்லை, அம்மா. சாகக் கிடக்கிற அம்மா. தெரியாததுபோல் இருந்துவிட்டாள். அம்மாவுக்குத் தன் குரல் கேட்கட்டும் என்றுதான் உரக்கப் படித்தாள்.

பக்கத்தில் பியோ ஒரு சத்தம் போட்டான். வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டான். "நான் வாயை மூடச் சொன்னேன் அக்கா," என்றான் விரலுக்கு நடுவிலிருந்து. "அம்மா... டிவி பாக்கறா, கத்தாதேன்னு சொன்னேன்."

கடைசிக் காட்சி. தேர்வுக்கு முந்தின நாள். அந்தப் பெண் பாடத்தை நிறுத்திவிட்டு, சுவரில் கையை வைத்து, மெதுவாக மூன்று தட்டு தட்டுகிறாள். ஒன்றும் இல்லை. கேமரா நகரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு திரும்பி வருகிறது. அவ்வளவுதான் படம். அம்மாவுக்கும் தெரியும். மகளுக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியும். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஏனென்றால் அந்த முந்தின நாள் நான் ஆஸ்பத்திரியில் யோங்ரான் பக்கத்தில் இருந்தேன். பியோவும் இருந்தான். அவளுக்கு நல்ல நினைவு இருந்த கடைசி நாள் அது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அக்கா, புள்ளைக்கு ஒண்ணும் தெரியாமக் காப்பாத்திட்டோம்" என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சுவரும் கிடையாது, தட்டும் கிடையாது. மகளுக்கு ஒன்றும் தெரியாது என்ற நிம்மதியோடுதான் யோங்ரான் போனாள்.

வெளியே நல்ல வெயில். பியோ தியேட்டர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து போனை எடுத்தான். ஸ்பீக்கர்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"பாத்தேம்மா."

போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மே மாசத்துலேர்ந்து. குப்பையில மருந்துக் கவர் கிடந்துச்சு. பேரைப் போட்டுத் தேடினேன்."

"ஏம்மா சொல்லலை?"

"நீ தினமும் வாசல்ல நின்னு, மூஞ்சியைத் தொடச்சு, சிரிக்கற மாதிரி பண்ணிப் பாத்துட்டு உள்ள வருவே. நான் ஜன்னல்லேர்ந்து பாப்பேன். அவ்ளோ பாடுபடறவன்கிட்ட எப்படிப்பா சொல்றது?"

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"படத்தைச் சொல்லு," என்றாள்.

"நடுவுல இழுவை. அந்தக் கனவு சீனைத் தூக்கிடலாம். அப்பாவா நடிச்சவன் சலவைக்கடைக்காரன்னு சொல்றே, அவன் காலர் அப்படியா இருக்கும்? கேவலமா இருக்கு."

நாரே சிரித்தாள். மூக்கடைத்த சிரிப்பு. "அப்புறம்?"

"அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருக்கு. உன்னை மாதிரியே உதட்டைக் கடிக்குது."

"கடைசிக் காட்சி?"

பியோ படிக்கட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"அப்பா, ஆஸ்பத்திரியை வீடா மாத்திட்டேன், மத்ததெல்லாம் நடந்தது. அந்தத் தட்டு ஒண்ணுதான் நானா எழுதினேன். அம்மாவுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. அம்மா என்னை முட்டாள்னு நெனச்சிட்டுப் போயிட்டாளோ, ஒரு வார்த்தைகூடப் பேசாம படிச்சிட்டே இருந்தாளே இந்தப் பொண்ணுன்னு நெனச்சாளோ... பதினோரு வருஷமா அதேதான். நீதான் கடைசி வரைக்கும் கூட இருந்தே. அந்தக் காட்சி சரியா தப்பா?"

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"சரிம்மா," என்றான். "அந்தக் காட்சி சரியா இருக்கு. அம்மாவுக்குத் தெரியும்."

"நெசமாவா?"

"நான் என்னிக்காவது படத்தைப் பத்திப் பொய் சொல்லியிருக்கேனா?"

அவள் அழுதாள். சாவு வீட்டில் அழாத அழுகை எல்லாம் சேர்த்து அழுதாள். படியேறி வந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பியோ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அழும்மா, அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் ஓய்ந்து, அப்புறம் பேசறேன்ப்பா என்று வைத்த பிறகும் போனை இறக்கவில்லை.

"ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இருந்தாங்க அக்கா," என்றான். "நடுவுல நான் நின்னுட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடுத்த காட்சிக்கு ஆள் வந்துகொண்டிருந்தது, நாங்கள் வழியை மறைத்துக்கொண்டிருந்தோம். எழுந்திருக்க அவனால் முடியவில்லை.